மஞ்சள் படிவத்தை நிரப்பியது யார்?

நாடகத்தைப் படித்தவர்கள் கருத்து எழுதிய பத்துப் படிவங்களையும் மேசையில் பரப்பிவிட்டு முதலாளி சொன்னார்: "ஆம்பள அஞ்சு, பொம்பள அஞ்சு. பத்து பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க. நல்ல காமெடி, முடிவுதான் போர். கடைசி சீனைத் தூக்கிடுங்க சார்."

அந்த நாடகத்தை எழுதியவள் என் மகள். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு அனுப்பியிருந்ததால் முதலாளிக்குத் தெரியாது. "கடைசி சீனை வெட்டினா திருப்பி வாங்கிக்குவேன்பா. அப்புறம் எழுதவே மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

தாம்பரத்தில் நாடகப் புத்தகங்கள் போடும் சிறிய பதிப்பகம் எங்களுடையது. நான் அங்கே இருபது வருடமாக உதவி ஆசிரியர். அச்சுக்குப் போகுமுன் பிரதியை ஐந்து வீடுகளுக்கு அனுப்புவோம். கணவருக்கு நீலப் படிவம், மனைவிக்கு மஞ்சள்.

மகளின் நாடகத்தில் இரண்டாம் காட்சி இது. மனைவி போனில் வேலைக்கான இன்டர்வியூவில் இருக்கிறாள். கணவன் ஏழு முறை குறுக்கே வருகிறான். சார்ஜர் எங்கே, துண்டு எங்கே, பெருங்காயம் எங்கே. கடைசிக் காட்சியில் எட்டாவது முறை கூப்பிடுகிறான். அவள் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். திரை.

முதல்முறை படித்தபோது அவள் எதிரிலேயே நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

படிவங்களை மறுபடி புரட்டினேன். கையெழுத்துப் பிரதி பார்த்தே பழகிய கண். ஒவ்வொரு வீட்டிலும் நீலத்தில் இருந்த அதே கையெழுத்துதான் மஞ்சளிலும் இருந்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை புது மஞ்சள் படிவங்களுடன் கிளம்பினேன். முதலில் செம்பாக்கம், சந்திரா அக்கா வீடு.

"அக்கா, இதை நீங்க எழுதலையா?"

"அவரே எழுதிட்டாரு சார். ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதான்னாரு."

"நாடகத்தைப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை. அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்குப் பயமா இருந்துச்சு."

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "பயமா இருந்துச்சா? சொல்லவே இல்லையே?"

"கேட்டீங்களா?"

"நாடகத்துல வர்ற ஆளு நல்லவன்தானேம்மா? அடிக்கல, திட்டல..."

"அதான் பயமா இருக்கு. திட்டியிருந்தா அவ பதிலுக்குத் திட்டியிருப்பா."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். அக்கா பேனாவை வாங்கி, படிவத்தின் பின்பக்கமும் எழுதினார். மற்ற நான்கு வீடுகளையும் முடித்துக் கடைசியாகக் கீழ்க்கட்டளை வீட்டிலிருந்து திரும்பும்போது ஐந்து மஞ்சள் படிவங்கள் பையில் இருந்தன. ஐந்திலும் ஒரே வேண்டுகோள்: கடைசிக் காட்சியைத் தொடாதீர்கள்.

முதலாளி அவற்றை மெதுவாகப் படித்தார். பிறகு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். திங்கட்கிழமை காலை என் மேசையில் வைத்தார்.

"ஒரு கமாவைக்கூட எடுக்காதீங்க."

"உங்க வீட்டம்மா என்ன சொன்னாங்க சார்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

எழுதியது யார் என்று அப்போதுதான் சொன்னேன். "உங்க பொண்ணா? மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?" என்று சத்தம் போட்டார். பிறகு கை கொடுத்தார்.

புத்தகம் வந்தது. எங்கள் காலனி ஹாலில் நாடகம் மேடையேறியது. இரண்டாம் காட்சியில் ஆண்கள் பக்கம் சிரிப்பு, பெண்கள் பக்கம் மௌனம். ஐந்தாவது கூப்பிடுதலில் சிரிப்பு தேய்ந்தது. ஏழாவதில் ஒருவரும் சிரிக்கவில்லை. திரை விழுந்ததும் பெண்கள் வரிசைகள் எழுந்து நின்று கைதட்டின. பிறகு ஹால் முழுக்க எழுந்தது. மேடைக்கு வந்த என் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன்: "முதல்ல நானும் சிரிச்சேன்மா. மன்னிச்சுடு."

"அதுல வர்றதே நீங்கதானேப்பா" என்றாள், சாதாரணமாக.

அந்த அதிர்ச்சி இன்னும் நீங்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் படித்தால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் பதிலை இன்னொருவர் எழுத விடாதீர்கள். எங்கள் படிவங்கள் இப்போது தனித்தனி உறையில் போகின்றன.

போன வாரம் என் மனைவியிடமும் அந்த நாடகத்துக்கு ஒரு மஞ்சள் படிவம் கொடுத்தேன். கூடுதல் தாள் கேட்டிருக்கிறாள்.