அம்மனுக்குப் படைச்ச காமரங்கா

...இல்லங்க, நீங்க சொல்றது இனிப்புக் காமரங்கா. டவுன்ல மஞ்சளா, பெருசா விக்கிறது. நான் சொல்றது எங்க தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால நின்ன மரம். அந்தக் காய வாயில வச்சா மொதல்ல பல்லு கூசும். அப்புறம் காதுக்குள்ள குர்ருங்கும். கண்ணு தானா மூடிக்கும். எழுதும்போதே வாயூறுது பாருங்க...

நேத்து இந்த குரூப்புல ஒருத்தங்க எல்ல டவுன்ல ஒரு ஹோட்டல்ல எடுத்த போட்டோ போட்டிருந்தீங்களே, ஜூஸ் கிளாஸ் விளிம்புல நட்சத்திரம் மாதிரி ஒரு துண்டு சொருகி... அதப் பார்த்ததுலேருந்து எனக்கு மனசு அங்கயே நிக்குது.

ஹாலிஎல ஊருக்கு மேல எங்க தேயிலைத் தோட்டம். ஸ்கூல் விட்டதும் லயத்து வீட்டுக்குக் கூடப் போகமாட்டோம். அண்ணன் மரத்துல ஏறும், நான் கீழ பாவாடைய விரிச்சிகிட்டு நிப்பேன். உப்பும் மொளகாத்தூளும் பேப்பர்ல மடிச்சி ஸ்கூல் பேக்குலயே இருக்கும்.

திருவிழா வந்தா அந்தக் காய்க்கு வேற வேலை. கோயில் குத்துவிளக்கு, தாம்பாளம், மணி எல்லாத்தையும் தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்குத் தூக்கிட்டு வந்து, காமரங்காய நசுக்கித் தேய்ப்பாங்க. கறுத்துக் கெடந்த பித்தளை தங்கம் மாதிரி ஆயிடும்.

எங்கம்மாவும் தேய்ப்பாங்க. கொழுந்து பறிச்சி பறிச்சி வெரலெல்லாம் கறை ஏறி, வெடிச்சி இருக்கும். அந்தப் புளிப்பு வெடிப்புல பட்டதும் "ஸ்ஸ்... ஆத்தா"ன்னு கைய ஒதறுவாங்க. ஆனா வெளக்கு தேய்ச்சி முடிஞ்சதும் வெரல்ல இருந்த கறையும் போயிருக்கும். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எங்கம்மா வெரலு அதோட சொந்த நெறத்துல இருக்கும். அந்தக் கையால எனக்கு திருநீறு பூசிவிடுவாங்க...

சரி, கதைக்கு வாறேன்.

அண்ணனுக்கு சீனி வியாதி, பிரஷர் எல்லாம் சேர்ந்து இப்ப ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. பதுளையில ஆஸ்பத்திரிக்குப் போயி மெஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு வருது. சோத்தப் பார்த்தாலே மூஞ்சத் திருப்பிக்கும். எதுவும் வேணாம். யாரு கேட்டாலும் வேணாம். அண்ணி அழுவாத நாள் இல்ல.

அப்படிப்பட்ட மனுஷன் போன கிழமை எனக்கு போன் பண்ணி, "தங்கச்சி, கோயில் மரத்துல காமரங்கா இருந்தா கொண்டாறியா?"ன்னு கேட்டுச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லுங்க! பஸ் புடிச்சி தோட்டத்துக்கு ஓடுனேன். நல்லதாப் பார்த்துப் பறிச்சி, அம்மன் காலடியில வச்சி, பூசாரி கற்பூரம் காட்டுனாரு. "தாயே, இதத் தின்னாவது எங்கண்ணனுக்கு வாய் தெறக்கணும்"னு கும்பிட்டுட்டு, திருநீறோட ஒரு பையில போட்டு நேரா ஆஸ்பத்திரி.

அண்ணன் கட்டில்கிட்ட போயி பையத் தெறக்குறேன், மிஸ்ஸி, அதான் நர்ஸம்மா, பார்த்துட்டாங்க. யாழ்ப்பாணத்துப் புள்ள.

"அம்மா, உது காமரங்காய் எல்லோ? ஆருக்கு?"

"அண்ணனுக்குங்க. அம்மனுக்குப் படைச்சதுங்க."

"ஆருக்குப் படைச்சாலும் இவருக்கு ஒரு துண்டும் குடுக்கக்கூடாது. கிட்னி வேலை செய்தாத்தான் இதில இருக்கிற நஞ்சு வெளியில போகும். இவருக்கு உள்ளயே நிண்டுடும். முதல்ல விக்கல் வரும், நிக்காது. பிறகு ஆள் தடுமாறும், வலிப்பு வரும். உயிருக்கே மோசம் அம்மா."

"பிரசாதம்மா..."ன்னு இழுத்தேன்.

அண்ணன் படுத்துக்கிட்டே, "அம்மனே வந்து பக்கத்துக் கட்டில்ல படுத்தாலும் மிஸ்ஸி குடுக்க மாட்டாங்க, விடு"ன்னுச்சு.

அந்தப் புள்ள சிரிச்சிட்டு எனக்கு வெளங்குற மாதிரி சொன்னிச்சு. நல்ல பழந்தானாம். விட்டமின் சி நெறைய, நார்ச்சத்து இருக்கு, சீனியும் கம்மி. கிட்னி நல்லா இருக்கவங்க அளவாத் தின்னலாம். ஆனா சுகமா இருக்கவங்களும் வெறும் வயித்துல ஜூஸ் அடிச்சி கிளாஸ் கிளாஸாக் குடிச்சா, கிட்னிக்குக் கெடுதியாம். தொடர்ந்து மருந்து எடுக்குறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம தின்னக்கூடாதாம். உங்க வீட்ல யாராவது இருந்தா மறக்காம சொல்லிருங்க.

நான் பையச் சுருட்டி மடியில வச்சிகிட்டு உக்காந்துட்டேன். கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதக்கூடக் குடுக்க முடியலியே.

"நீ தின்னு தங்கச்சி"ன்னுச்சு அண்ணன்.

"வேணாண்ணே. உன் முன்னால எப்படி..."

"அட தின்னுங்குறேன்ல."

கழுவி ஒரு கடி கடிச்சேன். அய்யோ, அதே புளிப்பு. இந்த வயசுலயும் ஒரு கண்ணு மூடி, ஒரு கண்ணு தெறந்து, வாய் கோணிப்போயி... அண்ணன் சிரிச்சிச்சு பாருங்க. தோளு குலுங்கக் குலுங்க. எத்தனையோ மாசத்துக்கப்புறம். அண்ணி எட்டி நின்னு முந்தானையால மூஞ்சியத் தொடைச்சிகிட்டாங்க. அப்புறம் மிஸ்ஸி அளந்து வச்சிருந்த சோத்துல நாலு வாய் தின்னுச்சு.

இப்ப கோயில்ல பித்தளைக்கு பவுடர் வாங்கித் தேய்க்கிறாங்க. காமரங்கா கீழ விழுந்து அழுகுது, பொறுக்கப் புள்ளைங்க இல்ல, எல்லாம் கொழும்புல கடைகளுக்கு வேலைக்குப் போயிருச்சுங்க. எல்லயில வெள்ளைக்காரங்களுக்கு அதுவே நட்சத்திரம்! நாங்க நட்சத்திரம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. குறுக்க வெட்டினாத்தானே தெரியும்? எங்ககிட்ட கத்தி ஏது, கடிச்சித்தான் தின்னோம்...

அட ஆண்டவனே. இப்பத்தான் ஞாபகம் வருது.

அண்ணனுக்குப் புளிப்பே ஆகாதுங்க. சின்னதுலேருந்தே ஆகாது. பறிச்சி என் பாவாடையில போட்டுட்டு, கெளையில உக்காந்து நான் தின்னுறதப் பார்த்துகிட்டு இருக்கும். ஒரு காமரங்காகூட அது வாயில வச்சதில்ல.