நாற்பது விநாடி மழை

குரல் நின்றுவிட்டது. தலை மட்டும் இன்னும் இரண்டு முறை ஆடியது.

பிரமிளா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. லாரி ஒன்று வைப்பரை அடித்துக்கொண்டு போனது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த பொம்மை மனிதன் மறுபடி பேசினான். கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் பொம்மைகளுக்கு வாய் அசையாது. பேசுகிறது என்று காட்டத் தலையை ஆட்டவேண்டும். அந்தத் தலையை ஆட்டியது அவள் கை. எந்தச் சொல்லுக்கு எத்தனை ஆட்டம் என்று அவளுக்குத் தெரியும். இப்போது கணக்கு இடித்தது.

குரல் நைனாவுடையதுதான், அவள் அப்பாவுடையது. வெற்றிலைச் சாறு ஒதுக்கிய கன்னத்தோடு பேசுகிற அதே குரல். ஆனால் தெலுங்கில் பேசினார்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அந்தக் குறும்பட விழா நடந்தது. ஞாயிறு மதியம், எழுபது பேர் இருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் அம்மா செங்கம்மா முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் திடுக்கிடல் இல்லை. பிரமிளா அதைக் கவனித்தாள். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

நைனா நாகேந்திரன் லாரி டிரைவர். மாம்பழக் கூழ் பீப்பாய்களைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் இறக்குவார். சீசன் இல்லாத மாதங்களில் கிடைத்த லோடு. நகரியில் வீடு. ரோட்டில் இருக்கும்போது நாளுக்கு ஒரு முறை வாட்ஸப்பில் மகளுக்குக் குரல் செய்தி அனுப்புவார். பெரிதாக ஒன்றும் இருக்காது. சோறு துன்ட்டியா பாப்பா. லோடு எறக்கிக்கினு கீறாங்க, லேட்டாவும். இங்க நல்ல மழ. சரி, வெச்சிடட்டா. போலீஸ்காரரிடமும் கிளீனரிடமும் டோல்கேட்டிலும் தெலுங்கு பேசுவார், சண்டை போடவேண்டும் என்றாலும் தெலுங்குதான். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் தமிழ். மகளிடம் ஒரு சொல் தெலுங்கு பேசியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசியில், திருப்பதியிலிருந்து காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். வடமாலப்பேட்டை தாண்டி வண்டியை ஓரம் கட்டினார். நான்கு இண்டிகேட்டரும் போட்டார். ஹேண்ட் பிரேக் இழுத்தார். அவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் வண்டி பிரேக்டவுன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வேன்காரர் எட்டிப் பார்த்தபோது உயிர் இல்லை. அன்றைக்கு நைனா செய்தி எதுவும் அனுப்பியிருக்கவில்லை. வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது.

பிரமிளா அப்போது நகரியில் ஒரு மொத்தச் சேலைக் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம். கடையில் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது பழையதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஐரோப்பியச் சாலைகளில் லாரி ஓட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது என்று கடையில் யாரோ சொன்னார்கள். நைனா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று பார்க்கத்தான் அதை ஏற்றினாள். முதல் வாரம் முழுக்க இடித்தாள்.

படம் எடுக்கலாம் என்று சொன்னது ஹேமநாத். அதே தெருவில் வளர்ந்தவன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். திருப்பதியில் ஒரு அனிமேஷன் பயிற்சி மையத்தில் பாடம் நடத்துகிறான். விளையாட்டையே சினிமாவாகப் பிடிக்கிற ஆட்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள் என்று விளக்கினான். டிரைவரை வெளியே இருந்து காட்டவேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு லாரி ஓடியாகவேண்டும். அதன் ஜன்னல்தான் கேமரா. அந்த இன்னொரு லாரி ஹேமநாத்.

எட்டு மாதம். நகரியில் அவள் ஒரு லாரி, திருப்பதியில் அவன் ஒரு லாரி, யாரும் போகாத ஏதோ ஒரு தேசத்தின் ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடினார்கள். நாமக்கல்காரர் ஒருவர் நம் ஊர் லாரியின் உருவத்தைச் செய்து இணையத்தில் போட்டிருந்தார். அதை எடுத்து நைனாவின் வண்டிக்குப் பச்சை அடித்தாள். பம்பரில் தொங்குகிற எலுமிச்சை மிளகாயை அவளே வரைந்து ஒட்டினாள். அந்தத் தேசத்தில் புளியமரம் இல்லை, ரோட்டோரம் மாட்டுவண்டி இல்லை, சாலை ரொம்பச் சுத்தம். அதனால் மழையைப் போட்டாள். மழையில் எல்லா ரோடும் ஒரே ரோடாகத் தெரிந்தது. காதில் நைனாவின் செய்தியை ஓடவிட்டு, இடது கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே வலது கையால் மவுஸை அசைத்து டிரைவரின் தலையை ஆட்டினாள். ஒரு வாக்கியத்துக்குப் பதினைந்து இருபது தடவை எடுக்கவேண்டி வந்தது. ஹேமநாத் ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. கடைக்குப் போகிற வழியில் அவன் அம்மா பார்த்தால், என்னம்மா எம்புள்ளகூட லாரி ஓட்டிக்கினு கீறியாமே, லைசென்ஸ் எடுத்தாச்சா என்று கேட்பாள்.

படத்துக்கு அவள் வைத்த விதி ஒன்றே ஒன்று. அவர் சொல்லாத ஒரு சொல்லும் அதில் வரக்கூடாது. பழைய போன் கெட்டபோது போனது போக மிஞ்சிய நாற்பத்தொரு குரல் செய்திகள்தான் வசனம். கடைசியில் லாரி ஓரமாக நிற்கும். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரியும். டிரைவரின் தலை அசையாது. நாற்பது விநாடி மழைச் சத்தம் மட்டும். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் படத்திலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஹேமநாத்துக்கு இது தெரியும். எழுதியே அனுப்பியிருந்தாள். விழாவில் தெலுங்குப் படங்களுக்குத்தான் இடம் என்று தெரிந்தபோது, கீழே தெலுங்கில் எழுத்து ஓடினால் போதும், விழாக்காரர்களைக் கேட்டுவிட்டேன் என்றான். ஒலியைச் சரிசெய்ய மொத்தத்தையும் அவனிடம் கொடுத்தாள்.

இப்போது திரையில் அந்த இடம் வந்துவிட்டது. லாரி ஒதுங்கியது. இண்டிகேட்டர் விழுந்தது. பிரமிளா எண்ணத் தொடங்கினாள். பதினொன்று வரை எண்ணியிருப்பாள்.

“வச்சேசா,” என்றார் நைனா. “தலுப்பு தீ.”

வந்துவிட்டேன், கதவைத் திற. தலை அசையவே இல்லை. குரல் மட்டும் வந்தது. பின்னால் ஒரு தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். மழை நின்றது. பெயர்கள் ஓடின. கதை, இயக்கம் என்று அவள் பெயர்தான் முதலில் வந்தது, பெரிய எழுத்தில்.

கைதட்டினார்கள். முன்வரிசையில் நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹேமநாத்தை வராந்தாவில் பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். குரலை ஒரு மென்பொருளில் போட்டானாம். பத்து நிமிஷக் குரல் இருந்தால் எந்த பாஷையிலும் பேசவைத்துவிடலாமாம். மையத்தில் பிள்ளைகளுக்கு அவளுடைய படத்தைப் போட்டுக் காட்டினானாம்.

“நாப்பது செகண்ட் சும்மா மழ பெய்யுது பிரமிளா. சார், ஹேங் ஆயிடுச்சான்னு கேட்டாங்க. ஒருத்தன் எழுந்து வந்து கீபோர்டத் தட்டறான். நான் இன்னா பண்றது?”

அவள் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அவளிடம் இருந்த நாற்பத்தொன்றையும் சேர்த்தால் நாலு நிமிஷம்கூட வராது. எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா.

ஹேமநாத் வராந்தாவின் கைப்பிடிச் சுவரைப் பார்த்தான். பிறகு, “அத்தகிட்டதான் கீதே, உங்கம்மா போன்ல,” என்றான்.

செங்கம்மாவுக்குப் படிக்க வராது. அதனால் அவள் போனுக்கும் நாகேந்திரன் குரலாகத்தான் அனுப்புவார். முந்நூறு இருக்கும், நானூறும் இருக்கலாம். அம்மா அவற்றைச் சமையலறையில் கதவை ஒருக்களித்துவிட்டுக் கேட்பாள். பிரமிளா ஒரு நாளும் கேட்டதில்லை. படத்துக்குத் தேவைப்பட்டபோதும் கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ளது. ஹேமநாத் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அங்கங்கே நிறுத்தி, மூச்சையும் இருமலையும் வெட்டி எடுத்துப்போட்டுக் கேட்டிருக்கிறான்.

“அவங்களே குடுத்தாங்க. நான் புடுங்கல. கடசி வார்த்தையும் அவங்க சொன்னதுதான். அவங்களயே கேளு.”

உள்ளே பெயர் வாசித்தார்கள். இரண்டாம் பரிசு. பிரமிளா என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் செங்கம்மா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, மேடைக்குப் போனாள். கேடயத்தை வாங்கிக்கொண்டாள். மைக்கை நீட்டினார்கள். அவர் எங்க ஊட்டுக்காரர் என்று மட்டும் தெலுங்கில் சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்கும் தட்டினார்கள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கேடயம் மடியில். ரேணிகுண்டா தாண்டியது. அப்புறம் பிரமிளா கேட்டாள். எத்தனை நாளாகத் தெரியும்?

இருபது நாளாம். நகரிக்கு வந்திருந்தபோது ஹேமநாத் வீட்டுக்கு வந்து கேட்டானாம். பாப்பாவுக்குச் சொல்லாதீங்க, விழாவில் பார்க்கட்டும் என்றானாம். அந்த இருபது நாளும் செங்கம்மா காலையில் டிபன் டப்பா கட்டிக் கொடுத்தாள், சாயங்காலம் வந்ததும் டீ போட்டுக் கொடுத்தாள், மகள் கம்ப்யூட்டரில் கடைசிக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது பின்னால் நின்று பூ கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை.

“அவர் சொல்லாதத அவர் வாயில வெக்கக்கூடாதுன்னு நான் சொன்னது உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும்?”

செங்கம்மா கேடயத்தைத் திருப்பி வைத்தாள். அதன் விளிம்பு கையில் குத்திக்கொண்டிருந்தது போலும்.

“நீ அவர ரோட்லயே நிக்க வெச்சிட்டடி. எட்டு மாசமா நானும் பாத்துக்கினுதான் கீறேன், டக்கு டக்குனு லைட்டு எரியுது, அப்படியே நிக்கறாரு. நான் ஊட்டுக்குக் கூட்டியாந்தேன். இன்னா தப்பு?”

“அது நைனா இல்லம்மா. தெலுங்குல பேசுது.”

“எந்த பாஷையா இருந்தா இன்னா. எனக்கு அவரு வந்தாரு.”

பிரமிளா கேட்கவேண்டியது இன்னும் இருந்தது. அந்த முந்நூறில், நானூறில் அவர் என்னவெல்லாம் பேசினார், அவளைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்கவேண்டும். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். இன்னொருவன் இந்நேரம் மண்டபத்தில் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருப்பான். அவள் கேட்கவில்லை.

வடமாலப்பேட்டை வந்தது. மூன்று வருஷமாக அந்த இடத்தைத் தாண்டும்போது அம்மா முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்வாள், தாண்டியதும் பிரமிளாதான் அவள் தோளைத் தொட்டுச் சொல்வாள். அவர்களுக்குள் அது வழக்கம். இன்றைக்குச் செங்கம்மா திரும்பவில்லை. அவள் ரோட்டையே பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்து, ஹேமநாத் அனுப்பியிருந்த படத்தைத் தேடித் தொட்டு, கடைசிக்குத் தள்ளி, காதோடு வைத்துக்கொண்டாள்.

பிரமிளா மட்டும் வெளியே பார்த்தாள். ரோட்டோரம் ஒரு டிராக்டர் நின்றிருந்தது. வெயில் அடித்தது.

மறுநாள் திங்கட்கிழமை. பிரமிளா ஆறு மணிக்கு எழுந்தாள். கேடயம் டிவி மேல் இருந்தது, அதற்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. அம்மா எலுமிச்சம்பழச் சாதம் கட்டியிருந்தாள். ஒன்பதரைக்குக் கடை திறந்தது. புத்தூர் வியாபாரி ஒருவருக்குப் போன வாரம் அனுப்பிய சேலைகளில் இரண்டு மாறிப்போயிருந்தன, அதைச் சரிசெய்தாள். பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை கரண்ட் இல்லை, பில்களைக் கையால் எழுதினாள். ஹேமநாத் மூன்று தடவை போன் செய்தான், அப்புறம் ஒரு செய்தி அனுப்பினான். நேரில் வந்து பேசுகிறேன் என்று இருந்தது. அவள் பதில் போடவில்லை. மதியம் தன் போனிலிருந்த நாற்பத்தொரு குரல்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, போனிலிருந்து அழித்து, பென்டிரைவைக் கடையில் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் பர்ஸில் இருந்தது. ஆறரைக்கு வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அலர்மேல்மங்கை தரையில் உட்கார்ந்து அம்மாவின் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா, ஹேமநாத்திடம் காலையில் பேசினேன், நைனா குரலில் இன்னொன்றும் சொல்லவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், புதன்கிழமை அனுப்புகிறானாம் என்றாள். பிரமிளா முகம் கழுவிவிட்டு வந்து டீ குடித்தாள்.