வீட்டுக்காரர் இளைத்தபோது

மிளகு மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்று, முள்ளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பார் வீட்டுக்காரர். மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுப் பள்ளிக்கு விளையாட்டு ஆசிரியனாகப் போன எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த விவசாயி. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து, ஹார்மோன் ஊசி மட்டும் தொடர்ந்துகொண்டிருந்தது. அந்த ஊசியால் தசை கரையும், தொப்பை போடும், எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சும்மா இருப்பேனா நான்? காலையில் நடை, சாயங்காலம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது, தட்டில் கிழங்கைக் குறைத்துக் கீரையும் பயறும் என்று ஒரே மூச்சில் ஆரம்பித்துவிட்டேன்.

அந்த ஊரில் நோயில் படுத்து எழுந்தவருக்கு வீட்டுக்கு வீடு சாப்பாடு வரும். கன்னம் உப்பினால்தான் நோய் போனதாகக் கணக்கு. இவரோ பலாச்சுளையையும் கோழிக்குழம்பையும் திருப்பி அனுப்பினார். எடை இறங்கியது. நான் துள்ளினேன். ஊர் வேறு மாதிரி பேசிக்கொண்டது: தொண்டையில் சோறு இறங்கவில்லையாம், நோய் திரும்பிவிட்டதாம். பங்காளி ஒருவர் வாசலில் நின்று, "ஏனுங்க சார், பள்ளிக்கூடத்துப் பசங்களை ஓட உடுறது பத்தலைன்னு இவரையும் உடுறீங்களா? சட்டை மாட்டுற கொம்பாட்டம் ஆயிட்டாரு" என்றார். வீட்டுக்காரரின் மனைவி சிரிக்கவில்லை.

எனக்கும் தூக்கம் கெட்டது. எடை நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. நடந்து இளைப்பதும் நோயில் இளைப்பதும் தராசுக்கு ஒன்றுதானே. ஒரு மதியம் சாமைச் சோறு பாதிக்கு மேல் தட்டிலேயே கிடந்தது. "நான் சொன்னதுக்காக வெச்சிட்டீங்களா, முடியாம வெச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டே, "அதுதானுங்க சார், எனக்கே தெரியலை" என்றார்.

மறுநாளே அவரையும் மனைவியையும் நாமக்கல் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மலையடிவாரத்துக் காரவள்ளி வரை பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கியது. சாயங்காலம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோய் அடங்கித்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் இப்படிப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும், ஏன் சாப்பிடுவதில்லை என்று அதட்டினார். வீட்டுக்காரர் மெதுவாக, "ஊரே சாவு ஊட்டைப் பாக்குறாப்ல பாத்தா, சோறு எப்படிங்க எறங்கும்?" என்றார்.

திரும்பும் வழியில் சேந்தமங்கலத்தில் பஸ் மாற இறங்கினோம். ஓட்டல் வாசலில் அவர் நின்றுவிட்டார். "பசிக்குதுங்க சார்."

அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டீங்களா சாமி, பசிக்குதாம்" என்றார். இட்லி வந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை.

இப்போது நான் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் அளவாகச் சாப்பிட்டு, விடாமல் நடக்கிறாராம். அவ்வப்போது போனில், "இன்னுங் கொஞ்சம் எறங்கியிருக்கேனுங்க சார்" என்பார். அப்போதென்றால் குதித்திருப்பேன். இப்போது எவ்வளவு என்று பிறகுதான் கேட்கிறேன். முதலில், "நல்லாப் பசிக்குதுங்களா?" என்கிறேன். பதில் வர ஒரு நொடி தாமதமானாலும் தாங்க முடிவதில்லை.