நிக்காஹ் பத்திரிகைக்குள் வந்த வினாத்தாள்

2005-ஆம் வருடம். பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சின்ன டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் டைப் செய்து அச்சகத்துக்கு அனுப்புவது என் வேலை. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். பகலில் அது என்னுடையது. சாயங்காலம் பாலிடெக்னிக்கிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் அங்கே எலெக்ட்ரிகல் வாத்தியார். எங்கேயோ ஒரு சி.டி. வாங்கி வந்து, விண்டோஸ் இருந்த அதே மெஷினில் லினக்ஸையும் ஏற்றினார். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். எனக்கு விண்டோஸ், அவருக்கு லினக்ஸ். ஹார்டு டிஸ்கில் ஒரு பகுதி மட்டும் இரண்டுக்கும் பொது. அதில் நானும் எழுதலாம், அவரும் எழுதலாம். "ஒரே வூட்டுல ரெண்டு அடுப்பு எதுக்கு" என்று பெருமை வேறு. ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கு எங்கே தெரியும். சமையல்கட்டுப் பக்கம் வந்தால்தானே.

கொஞ்ச நாளில் தொல்லை ஆரம்பித்தது. அந்தப் பொது இடத்தில் வைத்த என் ஃபைல்கள் திடீர் திடீரென்று காணாமல் போயின. உங்கள் லினக்ஸ்தான் தின்கிறது என்பேன் நான். உன் விண்டோஸில் வைரஸ் என்பார் அவர். லினக்ஸ் திரையில் வரும் பென்குயினை நான் வாத்து என்றுதான் சொல்வேன். அதற்கு அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதிலேயே சில நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு நிக்காஹ் பத்திரிகை வந்தது. பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, துபாயிலிருந்து கொஞ்ச நாள் லீவில் வந்திருந்தார். சொந்தக்காரர்களில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் பெரிய தகராறு. பெண்ணின் பெரியத்தா ஒரு கட்சி, தாய்மாமா ஒரு கட்சி. வேன் நிறைய ஆட்கள் வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஏற்று, இறக்கு என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் திரையிலேயே மாற்றிக்கொண்டிருந்தேன். தாளில் எதுவும் இல்லை. ஒரு வழியாக எல்லோரும் தலையாட்டிய நேரத்தில் கரண்ட் போனது.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்துவிட்டது. சேவ் செய்து ஃபைலை மூடிவிட்டு, வழக்கம்போல மெஷினை ஹைபர்நேட்டில் போட்டேன். அதாவது முழுதாக நிறுத்தாமல் தூங்க வைப்பது. மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம். எங்கள் ஊர் கரண்டுக்கு அது எனக்குப் பெரிய உதவி.

மறுநாள் காலையில் மெஷினை எழுப்பி, பாதியில் நின்ற வேறொரு வேலையை முடித்து சேவ் செய்தேன். பிறகு நிக்காஹ் பத்திரிகையைத் திறந்தால் திறக்கவே இல்லை. நோட்பேடில் போட்டுப் பார்த்தேன். 'ஆன்சர் எனி ஃபைவ் கொஸ்டின்ஸ்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஓம் விதி, டிரான்ஸ்ஃபார்மர்.

அன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை. அந்த வேன் கூட்டத்தை மறுபடி கூட்டினால் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

"என்னங்க, இங்க வாங்க. உங்க வாத்து கல்யாணப் பத்திரிகைல பரீட்சை வச்சிருக்கு."

பாதி ஷேவிங்கோடு வந்தார். படித்தார். "இது நேத்து சாயங்காலம் நான் அடிச்ச கொஸ்டின் பேப்பராச்சே. நீ நேத்து ஷட்டவுன் பண்ணுனியா?"

"தூங்க வச்சேன். டெய்லி அப்படித்தான்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர் லினக்ஸில் நுழைந்து பொது இடத்தில் எழுதியிருக்கிறார். காலையில் விழித்த விண்டோஸ், எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கிறது என்று நம்பி அதன் மேலேயே எழுதியிருக்கிறது. எது யாருடைய இடம் என்ற கணக்கே குழம்பிவிட்டது. இத்தனை நாளும் தினம் தினம் இதே கூத்துதான். இதை முன்பே சொல்லக் கூடாதா என்று நான் கேட்க, தூங்க வைப்பதை நீ முன்பே சொல்லக் கூடாதா என்று அவர் கேட்க, வாசலில் பெண்ணின் அத்தா வந்து நின்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சோப்பு நுரை காயாத முகத்தோடு இவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வரிசை எதுவுமே இல்லீங்களா? சுத்தமா போச்சா?"

"சுத்தமா போச்சுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார். எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ராத்திரி பூரா தூக்கமில்லம்மா. இங்க தலையாட்டிட்டு வேன்ல ஏறுனதும் ரெண்டு பேரும் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. மாப்ள பேரு, பொண்ணு பேரு, நாளு, எடம், இது மட்டும் போடுங்க. எம் பேரு கூட வேணாம். கேக்குறவங்ககிட்ட கம்ப்யூட்டர் தின்னுடுச்சுன்னு சொல்லிக்கிறேன். அதுகிட்ட யாரு போயி சண்ட போட முடியும்?"

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நிக்காஹுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார், போனோம். பெரியத்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அழிந்துபோன பத்திரிகையில் தன் பெயர்தானே முதலில் இருந்தது என்று கேட்டார். ஆமாங்க என்றேன். கொஞ்ச நேரத்தில் தாய்மாமாவும் வந்து அதையே கேட்டார். அவரிடமும் ஆமாங்க என்றேன். இருவரும் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன். மனுஷர்களுக்குள் சண்டை முற்றும்போது பழியைத் தூக்கிப்போட ஒரு வாயில்லாத மெஷின் பக்கத்தில் இருந்தால், அதுவும் ஒரு பாக்கியம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.