சேர்த்துத்தான் தருவார்களாம்

"கன்ட்ரோலர் தனியா வராதுங்க மேடம், இந்த கேமோட சேர்த்துத்தான்" என்றார் தஞ்சாவூர் வீடியோ கேம் கடைக்காரர். அது துப்பாக்கிச் சண்டை கேம். என் மகளுக்கு ஏழு வயது. பழைய கன்ட்ரோலர் உடைந்ததிலிருந்து அழுகிறாள். வாங்கிவிடலாமா என்று தயங்கினேன்.

புது பிளாஸ்டிக் வாடை என்னைச் சின்ன வயதில் அம்மாவோடு போன குடவாசல் உரக்கடைக்கு இழுத்துப் போனது. எங்கள் பயிர் வெளுத்துக் கிடந்த நேரம். யூரியா வேண்டுமென்றால் நுண்ணூட்ட டப்பாவும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அம்மா யூரியா மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"டப்பாவை உங்க வயல்ல போட்டுக்கங்க. எனக்கு மூட்டை போதும்."

வரிசையே சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று மூட்டை மட்டுமே எங்களோடு வீட்டுக்கு வந்தது.

கேம் கடையில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "கன்ட்ரோலர் மட்டும் போதுங்க. மத்தவங்களைப் பாருங்க, நான் இருக்கேன்."

பையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் எழுந்திருக்கவில்லை.