முட்டு வீட்டுக்குப் போன வாளி

கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண் உடல்நலக் குறை சொல்லி மனு கொடுத்தால், ஒரு மாதத்துக்குள் மருத்துவர் பரிசோதித்து எழுத்துமூலம் பதில் தரவேண்டும். எங்கள் பழைய அலுவலக விதி இது. விதிகளை மனப்பாடம் செய்தவனுக்கு ஒரே லாபம், அவை மீறப்படும்போது எந்த வரி என்று சொல்லலாம்.

நேற்று திருநகர் கடை வாசலில் பிளாஸ்டிக் வாளிகளை வெயிலில் அடுக்கியிருந்தார்கள். அந்தச் சூடேறிய வாசனை போதும். எண்பதுகளில் கருத்தடை முகாம் முடிந்து பெண்களுக்குக் கொடுத்த சிவப்பு வாளி நினைவுக்கு வந்தது. வாளிக்குப் பின்னாலேயே பேச்சி. வயதான மூளை, கேட்காத நிறுத்தத்தில் இறக்கிவிடும் டவுன் பஸ் மாதிரி.

அப்போது தல்லாகுளத்தில் குடும்பநலப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். பேச்சி உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமம், மூன்று பிள்ளைகள். மாதவிலக்கான பெண் அங்கே வீட்டில் தங்கக்கூடாது. ஊருக்கு வெளியே 'முட்டு வீடு' என்ற ஒற்றை அறையில் இருந்து, நின்றபின் குளித்துத்தான் திரும்பவேண்டும். மாற்றுத்துணியை முகாம் வாளியில்தான் எடுத்துப்போவாள்.

"முன்னெல்லாம் மூணு நாள்ல நின்டுரும்ணே. ஆப்ரேசனுக்குப் பொறகு தலைக்கு ஊத்தி வீட்டுக்குப் போறேன், மறுநாளே வந்துருது. 'ஒனக்கு இங்கயே பட்டா போட்டுரலாம்டி'ன்னு கூட இருக்கவளுக சிரிக்காளுக. சின்னவன் எங்கிட்டயே வரமாட்டேங்கான்."

எங்கள் பிரிவு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் நிமிரவில்லை. "ஆப்ரேசனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சத்து மாத்திரை சாப்பிடும்மா." சம்பந்தம் உண்டா இல்லையா, எனக்குத் தெரியாது. யாராவது பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மனுவை நானே எழுதிப் பதியப் போனேன். பதிவேட்டில் இரண்டே இனங்கள்: இறப்பு, மீண்டும் கருத்தரிப்பு. பேச்சி இரண்டையும் செய்யவில்லை.

"இது எதுலய்யா வரும்?" என்றார் கண்காணிப்பாளர்.

"இதரன்னு போடலாம் சார்."

"இதரன்னு ஒரு இனமே இல்லையேய்யா!"

புதிய இனம் தொடங்க அனுமதி கேட்டுக் கோப்பு மேலே போனது. பெரியாஸ்பத்திரிக்கு நேரே போகச் சொன்னேன். முகாம் கேஸ் என்றால் அலுவலகக் கடிதம் வேண்டும் என்று அங்கே திருப்பிவிட்டார்கள். கடிதமோ கோப்போடு மேலே.

மறுமுறை வந்தபோது நகமெல்லாம் வெளுத்திருந்தது. "எந் தங்கச்சியவே எங்க வீட்டுக்காரருக்குக் கட்டிவச்சுட்டாகண்ணே. பிள்ளைகளப் பாக்க ஆளு வேணும்ல." அதை ஏதோ வானிலை போலச் சொன்னாள். பிறகு வரவில்லை.

கடைசியில் கோப்புக்குப் பதில் வந்ததும் தபாலில் விடாமல் நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஊருக்குள் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. முட்டு வீட்டு வாசலில், நிறம் மங்கிய வாளிக்குப் பக்கத்தில் பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கும்மா. வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"இனி நின்டு என்னண்ணே செய்ய? திரும்பிப் போக வீடு வேணும்ல" என்று மைக்செட் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று அந்தப் பிரிவு இல்லை. பதிவேடு இல்லை. பேச்சியும் இல்லை, அந்த இறப்புக்குப் பதிவேட்டில் இனம் இருந்தது, யாரும் எழுதவில்லை. பதில் வந்த நாள் மட்டும் மறக்கவில்லை: ஆவணி முதல் முகூர்த்தம். அவளுடைய சின்னவனை அவள் தங்கை மடியில் வைத்துக்கொண்டு காது குத்திய அன்று.