மூன்று நிமிடம் இருபது விநாடி

ஞானமேரி எட்டாவது வரை படித்தவள். தம்பி பிலவேந்திரன் எந்த ஊரில், எந்தத் தேதியில் கச்சேரி வாசித்தான் என்று 1963 முதல் ஒரு நோட்டில் எழுதி வந்தாள். மொத்தம் நாற்பத்தொன்று. கடைசிக் கச்சேரி 1975 நவம்பரில். அடுத்த மாதமே மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. முப்பத்திரண்டு வயது.

கோவில் பாட்டுக் குழுவில் கேட்பாரற்றுக் கிடந்த பிடில்தான் அவனுக்கு முதல் பிடில். ஞானமேரி ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்திருப்பாள். அதைக் கேட்டு அவன் தந்தியைச் சுருதி கூட்டுவான். கூட்டி முடித்ததும் ஓட்டம்தான். வர்ணத்தை அவன் விரட்டுகிற விரட்டில் அடுப்படியிலிருந்து ஆத்தா ஆரோக்கியம்மாள் சத்தம் போடுவாள்: "மெல்லடா! ரயிலா போவுது?"

ரயில்தான் போனது. பத்து வருடம், சனிக்கிழமை தவறாமல், மொரப்பூரில் வண்டியேறிச் சேலத்து வித்வானிடம் பாடத்துக்குப் போய்வந்தான்.

எழுபத்திரண்டில் மதராஸில் ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். மோகன ராகம். அவன் வாசிப்பில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஞானமேரி அதைச் சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். எடுத்து எடுத்துப் பார்த்ததில் மேலே அச்சடித்திருந்தது அத்தனையும் மனப்பாடம். கேட்கத்தான் வீட்டில் ரெக்கார்டு பெட்டி இல்லை.

வருடத் திவசப் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் அதைப் போட ஏற்பாடு. மைக்செட் சென்னப்பன் முந்தின நாள் கல்யாண வீட்டில் கதைவசன ரெக்கார்டு ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தான். ஊரே உட்கார்ந்திருந்தது. நோட்டில் குறிப்பதற்காக ஞானமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து பிடில் கனத்து, இழுத்து இழுத்து வந்தது. முன்வரிசையில் நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"பாவம், சாவப்போறது தெரிஞ்சே வாசிச்சிருக்கான்."

கச்சேரியில் அவனைக் கேட்டவர்கள் இந்த ஊரில் இல்லை. இன்று கேட்பதைத்தான் காலத்துக்கும் சொல்வார்கள். ஆத்தாவோ யாருக்கோ வந்த துக்கம்போல முகம் அசையாமல் இருந்தாள்.

தட்டு முடிந்தது. நாலு நிமிடம், முப்பது விநாடி. ஞானமேரி நேரே சென்னப்பனிடம் போனாள்.

"இது எந்தம்பி வாசிச்சதில்லீங்க."

"தட்டு நீங்க குடுத்ததுதானக்கா? நானா போயி வாசிச்சேன்?"

"மூணு இருவதுன்னு அச்சடிச்சிருக்குது பாருங்க. உங்க பொட்டியில நாலு முப்பது ஓடுது."

"ஒரு நிமிசம் கூடவே கேட்டீங்க. அதுக்குமா சண்ட?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் நகரவில்லை. தட்டு சுற்றவேண்டிய வேகம் என்று சின்னதாகப் போட்டிருந்த 45-ஐ விரலால் காட்டினாள். சென்னப்பன் குனிந்து பெட்டியின் வேகக் குமிழைப் பார்த்தான். மெல்லச் சுற்றும் கதைவசனத் தட்டுக்காகத் திருப்பியது அப்படியே முப்பத்துமூன்றில் நின்றிருந்தது. சினிமாப் பாட்டாயிருந்தால் குரலே காட்டிக்கொடுத்திருக்கும்.

"நேத்திக்குத் திருப்பினதுக்கா," என்று முணுமுணுத்தபடி குமிழைத் திருகி, ஊசியை மறுபடி வைத்தான்.

முதல் சுரத்திலேயே ஞானமேரிக்குத் தெரிந்துவிட்டது. அவள் கட்டையை அழுத்திப் பிடித்த அதே சுருதி. அங்கிருந்து பிடித்தான் ஓட்டம். சிரித்துக்கொண்டே, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறவன் மாதிரி. அழுதுகொண்டிருந்த நஞ்சம்மாள் தன்னை அறியாமல் தொடையில் தாளம் தட்டினாள். ஞானமேரி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். விநாடி முள் மூன்று சுற்று முடித்து இருபது விநாடியைத் தொட, பிடில் நின்றது.

குழாயையே பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாளின் முகம் இப்போது கோணியிருந்தது.

"மெல்லடா," என்றாள். "மெல்லடா, எஞ்சாமி."